அடுப்பு இரண்டு! அறம் எங்கே?

வடலூரில் ஓர் அடுப்பு எரிகிறது. 1867-ஆம் ஆண்டு மே திங்கள் 23-ஆம் நாள் வள்ளலார் இராமலிங்கர் மூட்டிவைத்த அடுப்பு. அன்று மூண்ட நெருப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அந்த அடுப்படியிலே வந்து நிற்பவனை, "நீ எந்த ஊர்? என்ன குலம்?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: பசிக்கிறதா? பசிக்கிறது என்றால் உட்கார், இலை போடு, சோறு! அவ்வளவுதான் அந்த அடுப்பின் சட்டம்.

அந்தத் தருமசாலைக்கு நிலம் தந்தவர் யார்? மன்னரா? மிட்டா மிராசுகளா? இல்லை. பார்வதிபுரம் என்ற சிற்றூரின் மக்கள்! ஏர் பிடித்த கைகள் எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தன. கொடுத்தவன் வயிறும் அங்கே நிறைந்தது. கொடுக்க ஏதுமில்லாதவன் வயிறும் அங்கே நிறைந்தது.

அந்த வடலூருக்குப் பக்கத்திலேயே இன்னோர் அடுப்பு இருக்கிறது. மிகப் பெரிய அடுப்பு. மண்ணின் அடிவயிற்றிலிருந்து பழுப்பு நிலக்கரியை அள்ளியள்ளிப் போட்டு எரிக்கிற அடுப்பு. 1962-ஆம் ஆண்டிலே முதன்முதல் மூண்ட அடுப்பு. சென்னையிலே விசிறி சுழல்கிறது, கோவையிலே ஆலை ஓடுகிறது, கருநாடகத்திலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் விளக்கு எரிகிறது. அவற்றுக்கெல்லாம் மின்சாரம் அனுப்பிய, அனுப்புகிற அடுப்பு, நெய்வேலி அடுப்பு!

இதற்கும் நிலம் தந்தவர்கள் சிற்றூர் மக்களே. ஆனால் இந்த அடுப்படியிலே அந்த மக்கள் எங்கே நிற்கிறார்கள்? பந்தியிலே அமர்ந்திருக்கிறார்களா? வாசற்படியிலே காத்திருக்கிறார்களா? அல்லது, எச்சில் இலை எப்போது வெளியே வரும் என்று கொல்லைப்புறத்திலே ஏங்கி நிற்கிறார்களா?

இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கேளாதிருந்தால் பழி உண்டு.

கதையை முதலிலிருந்து சொல்லுவோம். 1935-ஆம் ஆண்டையொட்டி, ஜம்புலிங்க முதலியார் என்ற பெருநிலக்கிழார் தம் நிலத்திலே கிணறு வெட்டினார். தண்ணீரோடு சேர்ந்து கறுப்பாக ஏதோ வந்தது. 'இது என்ன பீடை' என்று மூடிவிட்டுப் போகாமல், இது என்னவென்று பாருங்கள் என்று துரைத்தனத்துக்குத் தெரிவித்தார். பின்னாளில், திட்டம் வருகிறது என்றதும் அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அவர் கொடையாகவே தந்தார் என்று நெய்வேலி மக்கள் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். அவருக்கு அங்கே சிலை உண்டு. பெரிய மனிதர் கொடுத்தார், சிலை நிற்கிறது. நல்லது, நாமும் வணங்குவோம். ஆனால் அவரைப்போல் நூற்றுக்கணக்கில் இல்லாமல், அரைக்காணியும் கால்காணியும் வைத்திருந்து அதையும் கொடுத்துவிட்டுப் போனானே எளியவன், அவனுக்கு என்ன நிற்கிறது? சிலை வேண்டாம். அவன் பேரனுக்கு ஒரு நிலையான வேலை நிற்கிறதா?

1956 நவம்பர் 14-ஆம் நாள் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் நாள் பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டிலே கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த முதல் மின் நிலையம் ஓடத் தொடங்கிற்று. ஜெர்மானிய நாட்டிலிருந்து இராட்சதச் சக்கரம் பூட்டிய இயந்திரங்கள் வந்தன. கப்பலிலே வந்த இரும்பு அது. அந்த இரும்பை ஓட்டிய கை நம் தென்னார்க்காட்டு உழவனின் கை! நேற்றுவரை மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவன், இன்று மலைபோன்ற இயந்திரத்தின் விசையைப் பிடித்தான். அதை நாம் மறக்கவில்லை, மறைக்கவுமில்லை. 'தெற்கிலே தொழில் வளர்ந்தால் தமிழன் எதையும் செய்து காட்டுவான்' என்று மேடைதோறும் நம் இயக்கம் முழங்கியதற்கு உயிருள்ள சான்று நெய்வேலி.

ஊரும் வளர்ந்தது. வட்டம் வட்டமாக வகுத்த நகரியம். மரம் அடர்ந்த அகன்ற சாலைகள். பள்ளிக்கூடங்கள், மருத்துவமனை, விளையாட்டு அரங்கம். 1998 முதல் ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி. குமாஸ்தாவின் மகள் டாக்டரானாள், பிட்டரின் மகன் என்ஜினியரானான். ஒரு தலைமுறை தலைநிமிர்ந்தது. யார் சொன்னது நெய்வேலி நன்மை செய்யவில்லை என்று? செய்தது. பெரும் நன்மை செய்தது. அதனால்தான் கேட்கிறோம்: அந்த நன்மை நகரியத்தின் வேலியோடு நின்றுவிட்டதே, ஏன்?

வேலிக்கு வெளியே வாருங்கள், தோழர்களே. பரவனாற்றின் ஓரமாக நடப்போம். சிற்றாறுதான், காவிரியைப் போலப் பாடல் பெற்ற ஆறு அல்ல. ஆனால் அது வாலாஜா ஏரியை நிரப்பி, அங்கிருந்து பெருமாள் ஏரியை நிரப்பி, குறிஞ்சிப்பாடிச் சீமைக்குச் சோறு போட்டுக் கடலுக்குப் போகிற ஆறு. ஏரிக்கரை ஊர்களின் வாழ்க்கை முழுவதும் அந்த நீரில்தான் நடந்தது. மேட்டுச் செம்மண்ணிலே பலாவும் முந்திரியும் மணிலாவும். பள்ளத்திலே நெல்லும் கரும்பும். குறிஞ்சிப்பாடியிலே கைலித் தறி. ஏரி நிறைந்தால் நடவாளுக்கு வேலை, வண்டிக்காரனுக்குக் கூலி, மளிகைக்கடைக்காரனுக்கு வியாபாரம், நெசவாளிக்குக் கைலி விலைபோகும். ஏரி வற்றினால் அத்தனை பேர் வீட்டிலும் உலை இறங்கும். சிற்றூரின் பொருளாதாரம் என்று பெரிய பெரிய புத்தகத்தில் எழுதுகிறார்களே, அது மதகைத் திறந்தால் ஓடும், மதகை அடைத்தால் நிற்கும்! இவ்வளவு எளியது அது.

அந்த ஏரிகளுக்குச் சுரங்கம் என்ன செய்தது? நிலக்கரிக்கு அடியிலே பெரும் நீர்ப்படுகை ஒன்று இருக்கிறது. சதுர செண்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ அழுத்தத்தோடு அந்த நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். ஆகவே இரவும் பகலும், ஆண்டு முழுவதும், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இறைக்கிறார்கள். ஒரு காலத்திலே இந்த வட்டாரத்திலே குழாய் இறக்கினால் போதும், மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானே பொங்கி வழியும். இன்று அதே ஊர் உழவன் ஆழ்துளை போடக் கடன் வாங்குகிறான். அடுத்த ஆண்டு அதை இன்னும் ஆழமாக்க மறுபடியும் கடன் வாங்குகிறான்.

இறைத்த நீரில் ஒரு பகுதி மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது. மழைக்காலத்திலே சுரங்கத்தில் தேங்கும் நீர் செங்கால் ஓடை வழியாக வாலாஜா ஏரிக்கு வருகிறது. வரும்போது வெறும் தண்ணீராக வருவதில்லை. மண்ணையும் கரித்துகளையும் சுமந்துகொண்டு வருகிறது. ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணைப் புரட்டிக் கொட்டுகிறார்கள். அந்த மண்மலையிலே ஒரு கோடைமழை பெய்தால் அது எங்கே போகும்? ஏரிக்குத்தான் போகும். ஆண்டுக் கணக்காகப் போயிற்று. வாலாஜா ஏரி, ஏரி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மேடாகிக் கிடந்தது. உழவர்கள் மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், மறுபடியும் மனுக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தூர் வாரப்பட்டது. மறுபடியும் தண்ணீர் நின்றது. பறவை வந்தது. பயிர் வந்தது.

இதிலே இரண்டு பாடம் உண்டு. ஒன்று, மனம் வைத்தால் ஏரியைப் பிழைக்கவைக்க முடியும். இரண்டு, தூர் வாரியதைத் 'தொண்டு' என்று கணக்கெழுதினார்களே, அது தவறு. என் வீட்டு முற்றத்திலே நீ கொட்டிய குப்பையை நீயே வாரினால் அதற்குப் பெயர் தருமமா? கடமை! கடமையைத் தருமம் என்று எழுதுகிற கணக்குப்பிள்ளை, நாளைக்குத் தருமம் செய்ய மனமில்லை என்று நிறுத்தியும் விடுவான். ஆகையால்தான் சொல்லின் மீது நாம் சண்டைபோடுகிறோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே வீராணம் ஏரி. சோழன் பராந்தகன் காலத்து ஏரி. அதன் நீர் 2004 முதல் குழாயிலே ஏறி, வடக்குத்தில் சுத்தம் செய்யப்பட்டு, சென்னைக்குப் போகிறது. ஆக, தலைநகரத்துக்குத் தண்ணீரும் இங்கிருந்து, விளக்கும் இங்கிருந்து! கொடுக்க மாட்டோம் என்று கடலூர் மாவட்டத்து மக்கள் என்றைக்கேனும் சொன்னதுண்டா? தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனை மறுப்பது தமிழன் வழக்கமல்ல. ஆனால் சொம்பு சொம்பாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிற வீட்டிலே, குடம் நிறைந்திருக்கிறதா என்று ஒருமுறையேனும் எட்டிப் பார்க்க வேண்டாமா?

ஏரிக்கரை ஊர் எதிலாவது தேநீர்க் கடைப் பலகையிலே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் ஒரே கதையைத்தான் கேட்கலாம்.

"என்ன படித்திருக்கிறாய் தம்பி?"

"ஐ.டி.ஐ. பிட்டர், அண்ணே."

"வேலை?"

"சுரங்கத்திலேதான். காண்ட்ராக்ட்."

"எத்தனை வருஷமாக?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

"நிலம் கிலம்?"

அவன் கையை நீட்டிக் காட்டுவான். தொலைவிலே மண்மலை தெரியும். "தாத்தா நிலம் அதுக்கு அடியிலே இருக்குது, அண்ணே."

பதினோரு ஆண்டு ஒரே வேலை. பக்கத்திலே நிற்கிற நிரந்தரத் தொழிலாளி பிடிக்கிற அதே ஸ்பானர், அதே வெப்பம், அதே கரித்தூசி. ஆனால் சம்பளம் வேறு, வீடு வேறு, மருத்துவம் வேறு. ஓய்வு பெறும் நாளிலே அவனுக்கு மாலை. இவனுக்கு மறுநாள் முதல் வாசல் அடைப்பு. அடுப்பு ஒன்று, பந்தி இரண்டு! சாதியால் பந்தி பிரித்தவர்களை எதிர்த்துப் பிறந்த இயக்கம் நம்முடையது. 'காண்ட்ராக்ட்' என்ற பெயரால் பந்தி பிரித்தால் மட்டும் பார்த்துக்கொண்டிருப்போமா?

சாவு வரும்போதும் இந்தப் பந்தி தெரிகிறது. 2014 மார்ச் 17-ஆம் நாள், இரண்டாம் சுரங்க வாயிலிலே, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலரின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாளும், இரண்டு திங்கள் கூட ஆகாமல் ஜூலை முதல் நாளும், இரண்டாம் அனல் மின் நிலையத்துக் கொதிகலன்கள் வெடித்தன. கருகி மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். தீ நிரந்தரமா, ஒப்பந்தமா என்று கேட்டுச் சுடுவதில்லை. சுட்ட பிறகு, இழப்பீட்டுக் காகிதம் மட்டும் கேட்கிறது!

மேலே, அதிகாரிகள் மாடத்திலே என்ன நிலை? 2022-ஆம் ஆண்டு பட்டதாரிப் பொறியாளர் பணிக்கு 'கேட்' தேர்வு மதிப்பெண்ணை வைத்து 299 பேர் பட்டியல் வந்தது. அதிலே தமிழ்நாட்டவர் ஒருவரேனும் இல்லை என்று தமிழகமே கொதித்தது. அப்போது முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வடக்கே இருந்து வருகிற இளைஞன் மீது நமக்குப் பகையில்லை. அவனும் வயிற்றுக்காகத்தான் வருகிறான். நம் கேள்வி அவனைப் பார்த்து அல்ல, டில்லியைப் பார்த்து: நிலம் கொடுக்க மட்டும் உள்ளூர்க்காரன், நாற்காலியிலே உட்கார மட்டும் அகில இந்தியமா? நிலம் எடுக்கும்போது 'கேட்' தேர்வு வைத்தா எடுத்தீர்கள்?

2016-ஆம் ஆண்டிலே நிறுவனத்தின் பெயரையும் மாற்றினார்கள். 'நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்' என்பது 'என்.எல்.சி. இந்தியா' ஆயிற்று. நெய்வேலி என்ற ஊர்ப்பெயர் ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருங்கிற்று. நெய்வேலித் தொழிலாளியின் வியர்வையிலே வளர்ந்த நிறுவனம் இன்று இராஜஸ்தானத்துப் பர்சிங்சரிலும், ஒடிசாவின் தலபிராவிலும், உத்தரப் பிரதேசத்துக் கதம்பூரிலும் கிளை விரித்திருக்கிறது. விரியட்டும், வாழ்த்துவோம். ஆனால் கிளை வளர வளர வேரை மறப்பது மரத்துக்கு அழகல்ல.

வேரைக் காத்தவர்கள் யார் என்று சொல்லட்டுமா? 2006-ஆம் ஆண்டு, நெய்வேலியின் பத்து விழுக்காட்டுப் பங்கைத் தனியாருக்கு விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். முதலமைச்சர் கலைஞர், 'விற்பதானால் கூட்டணியையே மறுசிந்தனை செய்ய வேண்டிவரும்' என்ற நிலை எடுத்தார். பிரதமர் மன்மோகன்சிங் பங்கு விற்பனைத் திட்டம் முழுவதையும் நிறுத்திவைத்தார். மறுபடியும் 2013-இலே பங்கு விற்பனைப் பேச்சு வந்தபோது, தமிழக அரசின் நிறுவனங்களே 3.56 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டன. அது மாற்றார் ஆட்சியிலே நடந்தது. ஆயினும் நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆக, தமிழ்நாடு நெய்வேலியின் பங்குதாரர்! அப்படியானால், நெய்வேலிக்காக நிலத்தைக் கொடுத்த தமிழன் மட்டும் எப்படிப் பிச்சைக்காரன் ஆவான்?

பங்காளி என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. அண்ணன் தம்பி, பெரியப்பன் சிற்றப்பன் வழியிலே பாகம் கேட்க உரிமை உள்ளவன் பங்காளி. பங்காளிக்குக் கொடுப்பதை யாரும் ஈகை என்று சொல்லுவதில்லை. கொடுக்காவிட்டால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். நிலம் கொடுத்தவன் நெய்வேலியின் பங்காளி. இதுதான் நாம் சொல்லவந்த ஒரே சேதி. மற்றதெல்லாம் இதன் விளக்கமே.

"இது என்ன நியாயம்? சட்டப்படி நிலத்தை எடுத்தோம், பணத்தைக் கட்டினோம், கணக்கு முடிந்தது" என்பார்கள். முடிந்ததா கணக்கு? 2023 ஜூலை 26-ஆம் நாள் வளையமாதேவியிலே என்ன நடந்தது? பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட வேண்டுமாம். பச்சை நெற்பயிர் நின்ற வயலிலே இயந்திரத்தை இறக்கினார்கள். போலீஸ் காவல் நிற்க, பயிர் சேற்றோடு சேர்ந்து புரண்டது. "பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த நிலம், பயிர் வைத்ததே தவறு" என்றது நிறுவனம். காகிதத்தின்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் நாற்று விட்டபோது தடுக்காமல், நடவு நட்டபோது தடுக்காமல், களை பறித்தபோது தடுக்காமல், பயிர் வளர்ந்த பிறகு வந்து மிதிப்பது எந்த ஊர்ச் சட்டம்? அறுவடை வரை காத்திருந்தால் சென்னை இருண்டா போயிருக்கும்? வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிபதியே பயிரழிவைக் கண்டு வேதனைப்பட்டார். பயிருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தது. வயிறெரிந்த நெஞ்சுக்கு எந்த நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கும்?

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் உண்டு. கரி டில்லியின் கரி. ஆனால் நிலத்தை எடுத்துக்கொடுக்கும் நோட்டீஸிலே கையெழுத்திடுவது நம் மாநிலத்து வருவாய்த்துறை. அன்று வயலோரம் நின்ற போலீசும் நம் மாநிலத்துப் போலீஸ். எந்தக் கட்சி கோட்டையிலே அமர்ந்தாலும் இது மாறுவதில்லை. டில்லியைக் கண்டிக்கும்போது இடிமுழக்கம், தாசில்தாரைக் கண்டிக்கும்போது மௌனம் என்றால், மக்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்தும் விடுவார்கள். மக்களிடம் பிறந்த இயக்கம் மக்களிடம் உண்மை பேசியாக வேண்டும்.

பட்டா உள்ளவனுக்காவது ஏக்கருக்கு இத்தனை இலட்சம் என்று ஒரு தொகை பேசப்படுகிறது. பட்டா இல்லாதவன் கதி என்ன? ஏரிப் பாசனத்திலே நடவு நட்டாளே அந்தத் தாய், அவளுக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. சேரியிலே குடிசை, அடுத்தவன் வயலிலே வேலை. வயல் போன அன்று வயல்காரனுக்குக் காசோலை, அவளுக்கு? நடவு போயிற்று, களை போயிற்று, அறுப்பு போயிற்று, அறுத்த பிறகு பொறுக்கும் கதிரும் போயிற்று. எந்த ரிஜிஸ்தரிலும் அவள் பெயர் இல்லை. ஆனால் அந்த மண்ணை மண்ணாக வைத்திருந்தது அவள் கைதானே? நாடாளுமன்றம் 2013-ஆம் ஆண்டு இயற்றிய நில எடுப்புச் சட்டமே, மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பி வாழும் விவசாயத் தொழிலாளியின் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஒப்புக்கொள்கிறது. தமிழ்நாட்டிலோ தொழிலுக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறோம். டில்லிச் சட்டத்தைவிட நம் சட்டம் ஏழைக்கு ஒரு படி மேலே இருக்க வேண்டாமா? சமூகநீதி பேசுகிற மண்ணிலே, சேரித் தாயின் பெயர் அந்த ரிஜிஸ்தரிலே முதல் வரியாக ஏற வேண்டாமா?

மக்கள் ஒன்றுபட்டால் டில்லி இறங்கிவரும் என்பதற்கும் அதே 2023-ஆம் ஆண்டு சான்று தருகிறது. சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி என்று மூன்று இடங்களிலே நிலக்கரி எடுக்க ஏலப் பட்டியல் வந்தது. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் இது என்று தமிழகம் ஒரே குரலில் எதிர்த்தது. ஏப்ரல் மாதத்திலேயே அந்த மூன்றையும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். கட்சிக்கொரு கொடி, ஊருக்கொரு சாதி என்று பிரிந்து நின்றிருந்தால் நீக்கியிருப்பார்களா?

இனி வருங்காலத்தைப் பார்ப்போம். முதல் அனல் மின் நிலையம், 600 மெகாவாட், 58 ஆண்டு ஓடிவிட்டு 2020-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதற்கும் முன்பே நெய்வேலியின் உர ஆலை மூடப்பட்டது; 'லெக்கோ' கரிக்கட்டி செய்த ஆலையும் மூடப்பட்டது. அவற்றில் இருந்த வேலைகள் எங்கே? ஊதிய மூச்சுக்காற்றைப் போலக் கலைந்துபோயின. கரி அட்சயபாத்திரமல்ல. ஒருநாள் தீரும்; தீருவதற்கு முன்பே, உலகம் கரியைக் கைவிடும் காலம் வரலாம். அன்று சுரங்கத்திலே பெரும் பள்ளம் இருக்கும். ஏரிக்கரை இளைஞனின் கையிலே என்ன இருக்கும்?

நமக்கு இயந்திரம் அனுப்பிய அதே ஜெர்மானிய நாட்டிலே லவுசிட்ஸ் என்றொரு பகுதி உண்டு. அங்கும் பழுப்பு நிலக்கரிதான். அங்கும் ஊர்கள் பெயர்ந்தன. 2020-ஆம் ஆண்டு அவர்கள் சட்டம் செய்தார்கள்: 2038-க்குள் கரியை நிறுத்துவோம், நிறுத்துவதற்கு முன், கரியை நம்பி வாழ்ந்த பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை செலவிட்டுப் புதிய தொழிலைக் கொண்டுவருவோம் என்று. கரி எடுத்த பள்ளங்களைத் தண்ணீரால் நிரப்பி ஏரிகளாக்கினார்கள். அந்த ஏரிக்கரையிலே இன்று படகு ஓடுகிறது, விடுதி நடக்கிறது, வேலை கிடைக்கிறது. அவர்கள் பள்ளத்தை ஏரி ஆக்கினார்கள். நாம் இருந்த ஏரியை மேடாக்கினோம்! எந்திரத்தை மட்டும் இறக்குமதி செய்தால் போதுமா? அந்த எண்ணத்தையும் கொஞ்சம் இறக்குமதி செய்யக்கூடாதா?

ஆகவே நாம் கேட்பது மிகையானதல்ல. நெய்வேலியை மூடு என்று நாம் சொல்லவில்லை. நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், பல்லாண்டு உழைத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஆண்டு வரையறை வைத்து நிரந்தர வேலை கொடு என்கிறோம். பட்டா இல்லாத உழைப்பாளியின் பெயரை ரிஜிஸ்தரில் ஏற்று என்கிறோம். வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் ஆண்டுதோறும் பராமரிப்பதைச் சுரங்கச் செலவின் முதல் இனமாக எழுது என்கிறோம். கரி தீர்வதற்கு முன்பே, கரி தீர்ந்த பின் இந்த மக்கள் எதைச் செய்து பிழைப்பார்கள் என்ற திட்டத்தை, ஊரைக் கூட்டி, ஊர் கேட்க, தமிழிலே படித்துக் காட்டு என்கிறோம். பங்காளி கேட்கிற பாகம் இவ்வளவுதான்.

தோழர்களே! இந்த ஏட்டைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். தொழிற்சங்கக் கூட்டத்திலே நிரந்தரத் தொழிலாளி ஒப்பந்தத் தொழிலாளியின் பக்கத்திலே உட்காரட்டும். ஏரிக்கரை ஊர்களிலே கிளைக்கழகத் தோழர்கள் வீடு வீடாகச் சென்று, நிலம் இழந்தவர் யார், வேலை பெற்றவர் யார், இரண்டும் இல்லாதவர் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்திலே எழுதட்டும். மேடையிலே பத்து மணி நேரம் பேசுவதைவிட, அந்த நோட்டுப் புத்தகத்தின் பத்துப் பக்கம் டில்லியை அதிகமாக அசைக்கும், கோட்டையையும் அசைக்கும்.

வடலூர் அடுப்பு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எரிகிறது, அரிசி கொடுப்பவன் இருப்பதால் மட்டுமல்ல; பசித்தவனை உள்ளே விடுவதால்! நெய்வேலி அடுப்பும் அப்படி எரியட்டும். கதவைத் திறக்கச் சொல்லுவோம். நிலம் கொடுத்தவனைப் பந்தியிலே உட்காரவைப்போம். இலை போடும் வரை எழுந்திருக்க மாட்டோம்!